இன்னும் இருபது அடி

தென்கிழக்கு ஒஹாயோவில் நாலு மாவட்டத்துக்குள் எந்த வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாலும், இரண்டுக்கு ஒன்று வெர்லின் ஹாஸ்கின்ஸ் போட்ட போர்க் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும். இதை அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டால் என்ன, பொய்யா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதினாறு வயதில் ஒரு போர்க்காரரிடம் ராடு தூக்கப் போனவர். இருபத்தாறில் சொந்தமாக ஒரு பழைய போர் வண்டி. நாற்பதில் மூன்று வண்டி, ஒன்பது ஆள். அப்பன் விட்டுப்போனது என்று ஒரு ஸ்பானர்கூடக் கிடையாது. படித்த மண்ணியல்காரர்கள் வரைபடத்தை விரித்துவைத்துத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது, இவர் குழியிலிருந்து வரும் சேற்றை இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பார். "எழுபதடியில மணற்கல்லு. அதுக்குக் கீழ பாருங்க" என்பார். பார்த்தால் இருக்கும்.

பாறையோடு பேசத் தெரிந்த மனிதருக்கு மனிதர்களோடு பேச வராது. அதற்கு நெல்டா இருந்தாள். சமையலறைச் சுவரில் தொலைபேசி, பக்கத்தில் அகலமான நாட்காட்டி, அதில் நூல் கட்டித் தொங்கும் பென்சில். கம்பெனியின் ஆபீஸ் அந்த மூன்றும்தான். யார் கூப்பிட்டாலும் நெல்டா எடுப்பாள், பசு கன்று போட்டதா, மாமியாருக்கு முட்டிவலி தேவலையா என்று விசாரிப்பாள், கடைசியில் தேதிக் கட்டத்தில் பெயரை எழுதுவாள். பெயருக்குப் பக்கத்தில், அங்கே எத்தனை அடி போகவேண்டியிருக்கும் என்று வெர்லின் சொல்லும் உத்தேச எண். "லூகாஸ் பண்ணை, 95." "டீட்டர், 180." வெர்லின் காலையில் எழுந்து கட்டத்தைப் பார்ப்பார், வண்டியை எடுப்பார். நாற்பத்தோரு வருடம் அப்படித்தான் ஓடியது.

வண்டிகளை விற்று மூன்றாம் வருடம், மார்ச் மாதத்தில் நெல்டா போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு தொலைபேசி அடித்தால் அது மருந்துக்கடையின் பதிவுசெய்த குரலாக இருக்கும். நாட்காட்டியை மட்டும் அவர் மாதம் தவறாமல் புரட்டினார். கட்டங்கள் வெள்ளையாகவே இருந்தன.

அடுத்த வருடம் மே மாதத்தில் அந்த அட்டை வந்தது. பளபளப்பான அட்டை. செல்வம் பெருக்கும் வழி, கொலம்பஸ் நகர் எல்லையில் ஓட்டல் அரங்கு, இரண்டு மணிநேரம், அனுமதி இலவசம், சாப்பாடும் உண்டு. அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. கீழே கையெழுத்து மாதிரி அச்சடித்திருந்த ஒரு வரியைத்தான் இரண்டு முறை படித்தார். "வெர்லின், உங்களுக்காக ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்திருக்கிறோம்."

சிரிக்கலாம் என்றுதான் போனார். சிரிக்கவும் செய்தார். டேரன் என்று ஒருவன், முப்பத்தைந்து வயது இருக்கும், கத்தி மாதிரி முனை வைத்த ஷூ, பாத்திரக்கடை மாதிரி பல்வரிசை. வரி கட்டாத வீடுகள் ஏலத்துக்கு வரும், அதை வாங்கி, சுண்ணாம்படித்து விற்றால் கோடீஸ்வரன் ஆகலாம் என்றான். மூன்று நாள் வகுப்பு, நானூற்றுத் தொண்ணூற்றேழு டாலர். வெர்லின் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் அவர் சட்டையில் ஒட்டியிருந்த பெயரைப் படித்து, "வெள்ளிக்கிழமை பாப்போமா, வெர்லின்?" என்றாள்.

நெல்டா போன இந்தப் பதினாலு மாதத்தில் எந்தக் கிழமையில் பார்ப்போம் என்றும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. பர்ஸிலிருந்து ஐந்து நூறு டாலர் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அரங்கில் அறுபது நாற்காலி. பாட்டு காதைப் பிளந்தது. குளிர்சாதனம் எலும்புக்குள் இறங்கியது. வெர்லின் ஓரமாக ஒரு நாற்காலியைப் பிடிக்கப் போனபோது ஒரு பெண்குரல் அதட்டியது.

"அதுல உட்காராதீங்க, கால் ஆடுது. இங்க வாங்க."

அறுபத்தைந்து வயதிருக்கும். கட்டை குட்டையான உருவம். மடியில் கைப்பை, கைப்பைக்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச். சட்டையில் ஆர்லீன் என்று பெயர்.

"என்ன தொழில் பாத்தீங்க?" என்று கேட்டாள், அவர் உட்காருவதற்குள்.

"போர் போடுவேன்."

"ஓ, அடுத்தவன் காசுல குழி தோண்டுறவரா? அப்ப மேடையில நிக்கவேண்டிய ஆளு, இங்க ஏன் உட்காந்திருக்கீங்க?"

"நீங்க?"

"பள்ளிக்கூடத்துச் சமையல். முப்பத்தோரு வருஷம். ஒரு நாளைக்கு நானூறு பிள்ளைங்க. ஒண்ணுகூட நன்றி சொன்னதில்ல."

"என்ன போட்டீங்க?"

"பீட்சா. சதுரமா."

"சதுர பீட்சாவுக்கு எவன் நன்றி சொல்லுவான்?"

ஆர்லீன் வாய்விட்டுச் சிரித்து, பாடப்புத்தகத்தால் அவர் தோளில் ஒரு போடு போட்டாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லினுக்கே ஆச்சரியம். தன் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு ஒருத்தர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தார். நெல்டா இருந்தபோதுகூட, சிரிக்கவைப்பது அவள் வேலையாகத்தான் இருந்தது.

அன்று சொல்லிக்கொடுத்ததில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வண்டி நிறுத்தும் இரண்டு ஏக்கரை எழுபத்தொன்பதிலேயே வரி பாக்கி ஏலத்தில் பிடித்தவர் அவர். அதற்கு எந்த வகுப்புக்கும் போகவில்லை. நீதிமன்ற வாசலில் பனியில் நின்றார், கையைத் தூக்கினார், வேலை முடிந்தது. அதையே இங்கே மூன்று நாளைக்கு இழுத்து, நடுநடுவே எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைத்தார்கள். "பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிங்க! 'உனக்கு இது கிடைக்கணும்'னு சொல்லுங்க!" என்று டேரன் கத்தினான். பிடித்தார்கள். ஆர்லீனின் கை சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது, அடுப்படிக் கை. "உங்களுக்கு இது கிடைக்கணும், போர்க்காரரே" என்றாள். "எது?" என்று கேட்டார் வெர்லின். "யாருக்குத் தெரியும், சொல்லச் சொன்னான், சொல்றேன்."

சாயங்காலம் டேரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையான சரக்கு எது என்று சொன்னான். இந்த மூன்று நாள் வெறும் வாசற்படி. உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது. அதற்கு உள்வட்டம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் தனி வழிகாட்டி, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார், ஒரு வருடத்துக்கு. இருபத்தாறாயிரம் டாலர். ஞாயிறு மதியம்வரைதான்.

வெர்லினிடம் இருபத்தாறாயிரம் இருந்தது. கடைசி வண்டியை விற்ற காசு ஏறக்குறைய அதேதான். படுக்கையில் விழுந்தால் யார் கையையும் எதிர்பார்க்கக்கூடாது என்று தனியாக ஒதுக்கிவைத்தது. அவருக்கு வேறு யாரும் இல்லை, அந்தக் காசுதான் பிள்ளை, மருமகள் எல்லாம்.

சனிக்கிழமை காலை புது வீட்டுப்பாடம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவரும் தங்கள் கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியைக் கூப்பிட்டு வரம்பைக் கூட்டிக் கேட்கவேண்டும். என்ன சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"இது கடன் வாங்குறதுக்கில்ல," என்றான் டேரன். "பணக்காரங்க எப்படிப் பேசுவாங்கன்னு பழகிக்கிறதுக்கு. பயப்படாதீங்க. கேட்டா குடுப்பாங்க!"

பன்னிரண்டு மணிக்கு ஓட்டல் நடைபாதையில், படிக்கட்டில், கழிப்பறை வாசலில், கார் நிறுத்துமிடத்தில் என்று அறுபது பேர் ஆளுக்கொரு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். "பல வருஷமா உங்க நல்ல வாடிக்கையாளர் நான்" என்ற வரி நாலு பக்கமிருந்தும் கேட்டது. ஆர்லீன் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, சத்துணவுப் பொருள் குறைவாக வந்தால் லாரிக்காரனைத் திட்டுகிற குரலில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். வெர்லின் தன் பிக்கப் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். தாளை ஸ்டியரிங்கில் வைத்து, ஊர்க் கூட்டுறவு வங்கியைக் கூப்பிட்டார்.

இளம்பெண் ஒருத்தி எடுத்தாள். அவர் தாளைப் படித்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க சார். இந்த கார்டு ரெண்டு பேர் பேர்ல இருக்கு. முதல் பேரு நெல்டா ஹாஸ்கின்ஸ். வரம்பைக் கூட்டணும்னா அவங்களும் ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும். பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல."

"எப்ப பேச முடியும் சார்? நான் திரும்பக் கூப்பிடறேன்."

வெர்லின் தாளைப் பார்த்தார். அதற்குப் பதில் அதில் அச்சடிக்கவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"அவ பேச முடியாது."

"உடம்பு சரியில்லைங்களா?"

"போயிட்டா. போன வருஷம் மார்ச்சுல."

இதை அவர் அதுவரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. சொல்லவேண்டி வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஈமச்சடங்கு நிறுவனத்தார் பத்திரிகையில் போட்டார்கள், தேவாலயத்துப் பெண்கள் கறி, உருளைக்கிழங்கு என்று தட்டுத்தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள், அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

"ரொம்ப வருத்தம் சார்," என்றாள் அந்தப் பெண். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "இப்ப அவங்க பேரை எடுத்துட்டு, உங்க பேர்ல மட்டும் புது கார்டு அனுப்பிடறேன். பழசு இன்னையோட நின்னுடும்."

"வேணாம். பேரை எடுக்காதீங்க. நான் வரம்பு கேக்கல. கேட்டதை மறந்துடுங்க."

"சார், நீங்க சொன்னதுக்கப்புறம் நான் எழுதாம இருக்க முடியாது."

"நான் சொல்லலன்னு வச்சுக்கங்களேன்."

தட்டச்சுச் சத்தம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. "மன்னிச்சுக்கங்க சார்," என்றாள் கடைசியில்.

நாலு மாவட்டத்திலும் பாறையை உடைத்துத் தண்ணீர் எடுத்த மனிதர், ஒரு சின்னப் பெண்ணிடம் ஒரு பெயரை விட்டுவைக்கும்படி கெஞ்சியிருக்கிறார். ஃபோனை வைத்துவிட்டுப் பர்ஸிலிருந்து அந்த கார்டை எடுத்துப் பார்த்தார். எழுத்து தேய்ந்திருந்தது, ஆனாலும் விரலுக்குத் தெரிந்தது. திரும்ப பர்ஸிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே ஆர்லீன் அவர் நாற்காலியில் தன் கைப்பையை வைத்துக் காபந்து பண்ணியிருந்தாள். "எட்டாயிரம் ஏத்திட்டாங்க எனக்கு!" என்றாள். முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஏத்தல."

சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து அவர் புத்தகத்தின்மேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெர்லின் சட்டைப்பையில் செக் புத்தகத்தோடு வந்தார். அவரை ஏமாளி என்று நினைக்கவேண்டாம். சந்தையில் மூன்று முறை கைமாறிய குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொன்ன குடும்பம் அது. டேரன் விற்பது காற்று என்று முதல் நாளே அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்துவந்தார். முந்தின நாள் வீட்டுக்குப் போனதும் அந்தச் சமையலறையில் நின்று பார்த்தார். இங்கே உட்கார்ந்து இன்னும் பத்து வருடமா, அல்லது வாரத்துக்கு ஒருமுறை ஒருத்தன் பொய்யாகவாவது பேர் சொல்லிக் கூப்பிடுவதா? படுக்கையில் விழுந்தால் பார்க்க வைத்திருந்த காசு. விழாமலே படுக்கையில் கிடப்பது போலத்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு டேரன் மேடையிலிருந்து இறங்கி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். உள்வட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத் தங்க நிற ரிப்பன் குத்தினார்கள். அவர்களை முன்மேசைக்கு அழைத்துப்போனார்கள், அங்கே பழமும் கேக்கும் இருந்தது. டேரன் வெர்லினுக்கு முன்னால் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"பெரியவரே, நேத்து உங்களுக்கு ஏத்தலன்னு கேள்விப்பட்டேன். அத விடுங்க. வீடு இருக்கா?"

"இருக்கு."

"கடன்?"

"ஒரு பைசா கிடையாது."

"பாத்தீங்களா! எழுபத்திரண்டு வயசு வரைக்கும் தனியாளா நின்னு சம்பாதிச்சிருக்கீங்க. இங்க இருக்கிற பாதிப் பேருக்கு அந்தத் துணிச்சல் இல்ல." அவன் முன்னால் சாய்ந்தான். "உங்க தொழில்லயே சொல்றேன். நீங்க போர் போடுறீங்க. இருநூத்தம்பது அடி போயாச்சு. இன்னும் ஈரம் வரல. அங்க நிறுத்துவீங்களா? காசு போட்டதெல்லாம் வீணாகுமே. இன்னும் இருபது அடி போவீங்களா, மாட்டீங்களா?"

வெர்லினின் கை சட்டைப்பைக்குப் போயிருந்தது. அங்கேயே நின்றது.

இன்னும் இருபது அடி.

அந்த வார்த்தையை அவர் எத்தனை நூறு முறை சொல்லியிருக்கிறார்! போர்க்காரனுக்கு அடிக்கணக்கில்தான் கூலி. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்குக் காசு. அதனால் அந்த வார்த்தையைச் சொல்கிறவனுக்கு அந்த நிமிடத்தில் எது தெரியும், எது தெரியாது என்று ஒஹாயோவிலேயே அவரைவிட அறிந்தவர் கிடையாது.

எண்பத்தெட்டில் டீட்டர் வீடு. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன சின்னஞ்சிறுசுகள், இடுப்பில் குழந்தை. உத்தேசம் நூற்றெண்பது. நூற்றெண்பதில் சாம்பல் மாதிரி தூசிதான் பறந்தது. இருநூற்றைம்பது, இருநூற்றெழுபது. ஒவ்வொரு முறையும் அந்தப் பையன், "என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் வெர்லின் அதையே சொன்னார். விரலில் சேற்றை நசுக்கிப் பார்த்தபோதே கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அடிக்குப் பதினோரு டாலர், அந்த மாதம் மூன்றாவது வண்டிக்குத் தவணை.

மதியம் சாப்பாடு கொண்டுவந்தாள் நெல்டா. வண்டிப் பக்கத்தில் நின்று தூசியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"உன் காசா இருந்தா தோண்டுவியா, வெர்லின்?"

"போர்னா அப்படித்தான். சொல்ல முடியாது."

"நான் அதக் கேக்கல."

எஞ்சினை நிறுத்தினார். மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வருடங்கள் போகப் போக, "தோண்டிக்கிட்டே போற போர்க்காரன் நானில்ல, தண்ணி இல்லன்னா இல்லன்னு சொல்லி நிறுத்துறவன்" என்று ஊரெல்லாம் சொல்லிப் பேர் வாங்கினார். அதை யார் நிறுத்தவைத்தது என்று இருவருக்கு மட்டும்தான் தெரியும். நேற்றிலிருந்து வங்கிப் புத்தகத்தில்கூட இருவர் இல்லை.

"என்ன சொல்றீங்க, வெர்லின்?" என்றான் டேரன்.

"நீ எத்தனை போர் போட்டிருக்க, தம்பி?"

"நானா? நான்... இல்ல, அது ஒரு உதாரணம்."

"அதான் கேட்டேன்," என்று சொல்லி வெர்லின் பையிலிருந்து கையை எடுத்தார்.

டேரன் சிரித்த முகம் மாறாமலே எழுந்தான். நாற்காலியைத் திருப்பி அடுத்த ஆளுக்கு முன்னால் போட்டான். அதன்பிறகு அவன் கண் ஒருமுறைகூட இந்தப் பக்கம் வரவில்லை. கூடத்தில் பாதி நாற்காலி காலியாகியிருந்தது. குடும்பம் முன்மேசையில் கேக் தின்றுகொண்டிருந்தது.

ஆர்லீன் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். வெர்லின் எழுந்து போனார்.

"ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

"இடம் போயிடும். இங்கயே சொல்லுங்க."

"இது வறட்டுக் குழி."

"என்னது?"

"உள்ள தண்ணி இல்ல. இதே வார்த்தையச் சொல்லி வித்தவன் நான். எனக்குத் தெரியும்."

ஆர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கும் தெரியும்யா."

"தெரியுமா?"

"நானூறு பிள்ளைங்களுக்குத் தட்டுல போட்டவ. அரைக் கரண்டி வச்சு முழுக் கரண்டிக்குக் காசு வாங்குறவனை எனக்கு அடையாளம் தெரியாதா? என்ன பேசுறீங்க?"

"அப்புறம் எதுக்கு?"

வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். அவரும் கூடவே.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு எனக்கு ஃபோன் வரும்," என்றாள் ஆர்லீன், முன்னால் நிற்பவருக்குக் கேட்காமல். "வாரா வாரம், ஒரு வருஷம். 'ஆர்லீன், இந்த வாரம் என்ன பண்ணீங்க?'ன்னு ஒருத்தர் கேப்பாங்க. கேக்கிறதுக்காக நானும் ஏதாவது பண்ணுவேன். என் மகன் டெக்சாஸ்ல இருக்கான். கிறிஸ்துமஸுக்குக் கேப்பான்."

"அதுக்கு இருபத்தாறாயிரமா?"

"வாரத்துக்கு ஐநூறு. வகுத்துப் பாத்துட்டேன்."

நான் கூப்பிடுகிறேன், காசு வேண்டாம். இந்த ஒரு வரி வெர்லினின் தொண்டைவரை வந்தது. நெல்டாவாக இருந்தால் அவள் கேட்டு முடிக்குமுன் சொல்லியிருப்பாள். வெர்லினின் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஐநூறு அதிகம்."

"விலை குறைச்சு யாராவது இருந்தா சொல்லி அனுப்புங்க," என்றாள் ஆர்லீன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார், மேசை காலியாகியிருந்தது. அவள் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்து ஒரு எண்ணை எழுதினாள். "பொழுது போகலன்னா கூப்பிடுங்க, போர்க்காரரே. சும்மாதான்." தாளை அவர் கையில் திணித்துவிட்டு மேசைக்குப் போனாள். ரிப்பன் குத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்லினும் தட்டினார்.

வாசலில், வெள்ளிக்கிழமை பார்ப்போமா என்று கேட்ட அதே பெண் இருந்தாள். ரிப்பன் இல்லாதவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லி, சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைத் திருப்பிக் கேட்டாள். அட்டைகளை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். கிழமை எதுவும் சொல்லவில்லை.

அந்த வகுப்புக்குக் காசு தகுமா என்று கேட்டால், தண்ணீர் குடிக்கிற எவனுக்கும் பதில் தெரியும். தகாது. நானூற்றுத் தொண்ணூற்றேழு டாலருக்கு அவருக்கு மிஞ்சியது பாதி சாண்ட்விச்சும் ஒரு கிழிந்த தாளும்தான். அந்தத் தாளை அவர் நாட்காட்டிப் பக்கத்தில் குத்திவைத்தார்.

முதல் திங்கட்கிழமை கூப்பிடத் துணிவு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வங்கியிலிருந்து உறை வந்தது. புது கார்டு. எழுத்து பளிச்சென்று இருந்தது. ஒரே ஒரு பெயர். உறையோடு மேசையிலேயே விட்டுவிட்டார்.

இரண்டாவது திங்கட்கிழமை சாயங்காலம் பல்கூடத் துலக்கி, சட்டை மாற்றிக்கொண்டு தொலைபேசி முன் வந்து நின்றார். ஏழு மணி ஃபோன் முடியட்டும் என்று எட்டுவரை பொறுத்தார். என்ன கேட்கவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஆர்லீன், இந்த வாரம் என்ன பண்ணீங்க? ஆர்லீன், இந்த வாரம் என்ன பண்ணீங்க? பதிலுக்கு அவள் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கென்று, காலையில் பழைய பம்பு ஒன்றைக் கழற்றிச் சுத்தம்கூடப் பண்ணியிருந்தார்.

முதல் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"ஆர்லீன் பேசுறேன்! ரெடியா இருக்கேன்!" அத்தனை வெளிச்சமான குரல்.

"நான் வெர்லின்."

"ஓ," என்றாள். கொஞ்சம் கழித்து, "வெர்லினா! எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். அவங்க பேசி முடிச்சாச்சா?"

"இன்னும் கூப்பிடல. போன வாரம் கூப்பிட்டாங்க, பன்னெண்டு நிமிஷம் பேசுச்சு, நல்ல பொண்ணு. இன்னைக்கு என்னவோ தெரியல. மேற்குப் பக்கத்துல இருந்து பேசுறாங்க, அங்க இப்பத்தான் அஞ்சு மணி, இல்ல?"

"ஆமா. அஞ்சுதான்."

"அப்ப கூப்பிடுவாங்க. நான் சொல்றதுக்கெல்லாம் எழுதி வச்சிருக்கேன். ஒரு வீட்டப் போய்ப் பாத்துட்டே வந்தேன், தெரியுமா? கூரையே இல்ல." சிரித்தாள். உடனே நிறுத்தினாள். "வெர்லின், லைன வச்சிடறீங்களா? அவங்க கூப்பிடற நேரத்துல நான் பேசிட்டிருந்தா விட்டுட்டுப் போயிடுவாங்க."

"சரி."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல, இல்ல. வைங்க."

அவள் வைத்தாள். வெர்லின் கொஞ்சநேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம், தன் வீட்டில், அவள் இதே மாதிரி ஒரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று.

ரிசீவரை மாட்டினார். நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்தார். முனை மழுங்கியிருந்தது. பேனாக்கத்தியால் சீவினார். மறுநாள் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், நெல்டா எழுதுகிற மாதிரியே, மேல் ஓரமாக "ஆர்லீன்" என்று எழுதினார். பக்கத்தில் எத்தனை அடி என்று எழுதும் இடத்தில் பென்சிலை வைத்தார். விரலில் நசுக்கிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.